பிளஸ் டூ முடித்தாயிற்று, கட்-ஆஃப் 130.5: இனி எந்தப் பக்கம்?

கேள்வி இதுதான். ஈரோடு பக்கம் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவர், கணக்கு–கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், பிளஸ் டூவில் 412. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லை. அப்பா எஞ்சினியரிங் என்கிறார், மாமா ஐடிஐ என்கிறார், அம்மா கவர்ன்மெண்ட் பரீட்சைக்குப் படி என்கிறார். "எனக்கு எதில் விருப்பம் என்றே தெரியவில்லை. ஒரு வருடம் வீட்டில் இருந்து யோசித்து முடிவெடுக்கலாமா?"

கடைசி வரிக்கு முதலில் பதில்: வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் இது தெளிவதில்லை. சேர்க்கைகள் ஒவ்வொன்றாக முடிந்து, கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிக்குக் கிளம்பிய பிறகு, பயத்தில் கிடைத்த இடத்தில் போய்ச் சேருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. விருப்பம் தெரியாதது உங்கள் குறையும் இல்லை. இதுவரை பக்கத்தில் நின்று பார்த்த வேலைகளை எண்ணிப் பாருங்கள்: வாத்தியார், கடைக்காரர், பஸ் டிரைவர், நர்ஸ், தறி. கண்ணால் பார்க்காத வேலையில் ஆசை எங்கிருந்து வரும்? ஆகவே வாழ்நாள் வேலையை இப்போது தேட வேண்டாம். அடுத்த இரண்டு வருடம் எங்கே இருந்தால் கையில் ஏதாவது சேரும், பிடிக்காவிட்டால் வெளியே வர வழி இருக்கும், வீட்டுக்குக் கடன் ஏறாது? இவ்வளவுதான் இப்போதைய கேள்வி.

மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்ப்போம். தமிழ் 78, ஆங்கிலம் 65, கணக்கு 62, இயற்பியல் 66, வேதியியல் 71, கம்ப்யூட்டர் சயின்ஸ் 70 என்று எழுதியிருக்கிறீர்கள். பொறியியல் கலந்தாய்வில் 412 என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. கணக்கு அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு: 62 + 33 + 35.5 = 130.5. 200-க்கு இதுதான் உங்கள் கட்-ஆஃப். உயிரியல் எடுக்காததால் நர்சிங்கும் மற்ற மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளும் உங்களுக்குக் கிட்டத்தட்ட மூடிவிட்டன, பி.பார்ம் மட்டும் கணக்குக் குரூப்புக்கும் திறந்திருக்கிறது.

அந்தக் கணக்கு 62 எப்படி வந்தது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. அகமதிப்பீடு 10, அது அநேகமாக எல்லோருக்கும் முழுதாக விழும். வினாத்தாள் 90. அதில் ஒரு மதிப்பெண் கேள்வி 20, இரண்டு மதிப்பெண்ணில் 7, மூன்றில் 7, ஐந்தில் 7. ஆக நீங்கள் எழுதி எடுத்தது 52. பாடத்தின் பின்னால் உள்ள ஒரு மதிப்பெண் கேள்விகளை உருப்போட்டு, அடிக்கடி வரும் ஐந்து மதிப்பெண் கணக்குகளை அப்படியே ஒப்பித்துச் சேர்த்த 52 ஒரு வகை. நிதானமாகப் போட்டு, நேரம் போதாமல் கடைசி நாலைந்து கணக்கை விட்டுவிட்டு எடுத்த 52 முற்றிலும் வேறு வகை. நீங்கள் எது என்பதை ஒரு காலைப் பொழுதில் தெரிந்துகொள்ளலாம். முதல் பாடம் அணிகள். புத்தகத்தில் உள்ள ஒரு 3×3 அணியில் எண்களை நீங்களே மாற்றி எழுதி நேர்மாறு காணுங்கள். விடையை அசல் அணியோடு பெருக்கினால் அலகு அணி வர வேண்டும். சரிபார்க்க வாத்தியார் தேவையில்லை. அணிக்கோவை பூஜ்ஜியமானால் நேர்மாறே கிடையாது, அதைக் கவனித்தீர்களா என்பதும் சோதனையில் சேர்த்தி. பிறகு தொகையிடலில், இதுவரை போடாத பயிற்சிக் கணக்கு ஐந்து. விடைக்குறிப்பைத் திறக்காமல் குறைந்தது மூன்று கணக்கு சரியாக வந்தால் எஞ்சினியரிங்குக்குப் பயப்பட வேண்டாம். ஒன்றும் நகரவில்லை என்றால் நான்கு வருடப் படிப்பில் நேரடியாகக் குதிப்பது ஆபத்து. முதல் செமஸ்டரில் வருவது இதே அணிகளும் நுண்கணிதமும்தான். பள்ளியில் ஒரு வருடம் ஓடியது அங்கே நாலு மாதத்தில் ஓடும். அந்த ஒரு தாளில் விழுந்த அரியரை எட்டாவது செமஸ்டர் வரை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள்.

இனி, அரசுப் பள்ளி மாணவர் என்ற வகையில் உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்படுகிறது. அதில் கிடைத்த இடத்துக்கு டியூஷன், ஹாஸ்டல், கலந்தாய்வுக் கட்டணம் வரை அரசே ஏற்கிறது. பொதுப் பட்டியலில் 130.5 பின்னால் போய் நிற்கும். இந்தப் பட்டியலில் அதே மதிப்பெண் கணிசமாக முன்னால் வரும். ஆனால் சலுகை கலந்தாய்வு வழியாக இந்த ஒதுக்கீட்டில் கிடைத்த இடத்துக்கு மட்டும்தான். ரிசல்ட் வந்த வாரமே "சீட் தீர்ந்துடும், இப்பவே பத்தாயிரம் கட்டி புக் பண்ணிடுங்க" என்று போன் வரும். கட்டி மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால், இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய நான்கு வருடப் படிப்பை நாமே விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும். தெரியாமல் இதைச் செய்கிற குடும்பங்கள் ஏராளம், அதுவும் கட்ட முடியாத குடும்பங்களே.

கலந்தாய்வில் இடத்தைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் விருப்பப் பட்டியலில் நடக்கும் பிழையால். கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை முதல் வரியிலிருந்து கீழே படித்துக்கொண்டு போகும். உங்கள் ரேங்க் வரும்போது காலியாக இருக்கும் முதல் இடம் எதுவோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். "இது எப்படியும் கிடைக்கும்" என்று ஒரு சுமாரான கல்லூரியை மேலே போட்டால், அதற்குக் கீழே நல்லது காலியாக இருந்தாலும் அந்தச் சுமாரானதுதான் வரும். எனவே கிடைக்குமா என்று பார்க்காமல் பிடித்த வரிசையில் அடுக்குங்கள். கிடைக்காத ஆசையை மேலே எழுதுவதால் ஒரு நஷ்டமும் இல்லை. பத்து இடத்தோடு நிறுத்தாமல் எழுபது, எண்பது வரை போங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் உண்டு என்பதால் பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். போன வருட விவரத்தை ஒப்பிடும்போது கட்-ஆஃபைவிட ரேங்கைப் பாருங்கள். வினாத்தாள் எளிதாக இருந்த வருடம் எல்லோருக்கும் மதிப்பெண் ஏறும், அதே 130.5-இன் ரேங்க் இறங்கிவிடும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன், வேண்டாம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி உறுதிசெய்ய ஓரிரு நாள்தான் இருக்கும். அந்த நாளில் திருவிழாவுக்குப் போய், போனில் சிக்னல் இல்லாமல் இடத்தை விட்டவர்கள் உண்டு.

கல்லூரியை அளக்க நுழைவாயில் ஃபிளெக்ஸில் உள்ள பிளேஸ்மெண்ட் முகங்கள் உதவாது. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை செமஸ்டர் வாரியாக வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் சொந்தமாகத் தேர்வு நடத்துபவை, அவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட முடியாது.

கணக்குச் சோதனையில் தேறவில்லை என்றால் எஞ்சினியரிங் கனவு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மாமா சொல்லும் ஐடிஐக்கும் அப்பா சொல்லும் எஞ்சினியரிங்குக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்த பிளஸ் டூ மாணவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமோ கைக்கு வரும். அங்கிருந்து பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு, இன்னும் மூன்று வருடம். மொத்தம் ஐந்து, நேராகப் போவதைவிட ஒரே ஒரு வருடம் அதிகம். அந்த ஒரு வருடத்துக்கு ஈடாக, நடுவில் இறங்கி வேலைக்குப் போகக்கூடிய ஒரு ஸ்டேஷன் கிடைக்கிறது. நான்கு வருடப் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டால் கையில் பிளஸ் டூ சான்றிதழ் மட்டும்தான். நேரடி இரண்டாம் ஆண்டில் ஒரு சிக்கல் உண்டு: மற்றவர்கள் முதல் வருடமே வரைபடமும் வொர்க்‌ஷாப்பும் பழகியிருப்பார்கள். சேருவதற்கு முன் ஒரு மாதம் ஒரு டிராயிங் போர்டும், கோடு போட உதவும் மினி டிராஃப்டரும் வாங்கி, ஒரு பொருளின் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் வரையப் பழகிவிடுங்கள்.

ஐடிஐயை உங்கள் அப்பா மட்டமாக நினைக்கிறார் என்று தெரிகிறது. உங்கள் மாமா அளவுக்கு மீறி நம்புகிறார். உண்மை நடுவில் இருக்கிறது. ஃபிட்டர் டிரேடு இரண்டு வருடம். ஆரம்பத்தில் இயந்திரம் பக்கமே விடமாட்டார்கள். வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க அரம் போட வேண்டும். மேற்பரப்பில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அடியில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடியும் அரம். நின்றுகொண்டே செய்கிற வேலை. தோளும் மணிக்கட்டும் வலிக்கும். பாதிப் பேர் "இதைப் படிக்கவா வந்தோம்" என்று சலித்துப்போகும் இடம் இதுதான். ஆனால் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசத்தை வெர்னியர் அளவுகோலில் படிக்கவும் கையில் உணரவும் பழகுவது இந்த மாதங்களில்தான், பிறகு கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி மெஷினில் நிற்கும்போது அதுதான் சோறு போடும். உங்களுக்கு அந்த வேலை ஒரு மணி நேரத்தில் சலிக்கிறதா, இல்லை நேரம் போவது தெரியாமல் இழுக்கிறதா என்பதைப் பக்கத்து லேத் பட்டறையில் இரண்டு நாள் நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ரோபாட்டிக்ஸ், நவீன உற்பத்தி போன்ற பயிற்சிகளுக்காக மேம்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் எது என்று கேட்டுச் சேருங்கள். முடித்ததும் நேராக வேலை தேடாமல் அப்ரெண்டிஸாக, அதாவது தொழிற்சாலையிலேயே வேலை பழகும் பயிற்சியாளராக, போவது நல்லது. திருச்சி பெல், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்எல்சி எல்லாம் அப்ரெண்டிஸ் எடுக்கின்றன. அப்ரெண்டிஸ் முடித்தால் அங்கேயே வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அந்த உத்தரவாதம் கிடையாது. ரயில்வேயின் கடைநிலைப் பணிகளில் அப்ரெண்டிஸ் முடித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, அது நிஜம். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ரயில் எஞ்சின் உதவி ஓட்டுநர்) ஆக வெறும் பிளஸ் டூ போதாது; ஐடிஐயோ டிப்ளமோவோ வேண்டும். ஆகவே மாமா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம்.

எங்கே சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஐடிஐ, டிப்ளமோ, டிகிரி எல்லாவற்றுக்கும் உண்டு. இதே கேள்வியோடு இருக்கும் பெண்களுக்கு புதுமைப் பெண் திட்டம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஓரளவு தாங்கும்.

அப்பா தறி ஓட்டுகிறவர் என்பதால் ஒரு வார்த்தை. பிள்ளை தறிப் பக்கமே வரக் கூடாது என்று அவர் நினைப்பார், நியாயமும்தான். ஆனால் தறி ஓட்டுவது வேறு, ஜவுளித் தொழில்நுட்பம் வேறு. சேலத்தில் மத்திய அரசின் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. கைத்தறி, ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ. ஈரோடு, திருப்பூர், கரூர், கோவை முழுக்க சாயம், துணித்தரம், ஏற்றுமதி என்று இந்தப் படிப்புக்கு வேலை இருக்கும் வட்டாரம். நூல் நம்பரும் பாவும் ஊடையும் சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பையனுக்கு அங்கே ஒரு வருடம் முன்னாலேயே படித்துவிட்ட மாதிரி.

இப்போது விருப்பம் விஷயம். மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்னவற்றில் இருந்தே இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு பேரைப் பாருங்கள். இருபது வருடம் ஆனவரிடம் போகாதீர்கள், அவர் சேர்ந்த காலமே வேறு. மூன்று முதல் ஐந்து வருடம் ஆனவர்தான் சரியான ஆள். உங்கள் பள்ளியில் நாலைந்து பேட்ச் முன்னால் படித்த அண்ணன், அக்கா யாராவது இருப்பார்கள். "வேலை எப்படி அண்ணா இருக்கு" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று முடித்துவிடுவார். "நேத்து காலையில போனதிலிருந்து என்னென்ன செஞ்சீங்க" என்று கேளுங்கள். முதல் வருடம் பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வந்தது, ஷிஃப்ட் எப்படி மாறும், கூடச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், எதற்காகப் போனார்கள் என்று கேளுங்கள். விட்டுப் போனவர்களின் காரணம்தான் அந்த வேலையைப் பற்றிய உண்மை. முடிந்தால் மூன்று நாள் சும்மா கூட இருந்து பாருங்கள். முதல் நாள் எல்லாம் புதிதாக, நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் மத்தியானம் எப்படி இருந்தது என்பதைக் குறித்து வையுங்கள்.

அம்மா சொல்லும் கவர்ன்மெண்ட் பரீட்சைக்கு, அதாவது டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4-க்கு வருவோம். 2024-இல் 6,244 இடத்துக்கு அறிவிப்பு வந்தது. சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பின்னால் இடங்களைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகும் ஏறக்குறைய இருநூறு விண்ணப்பத்துக்கு ஒரு வேலை. இதற்காக மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு வருடம் கோச்சிங் சென்டரில் உட்காருவது, இந்த வயதில், தவறு. குறைந்தபட்ச வயதே 18. உங்களுக்கு இன்னும் ஆகவில்லை. படித்துக்கொண்டே தயாராகுங்கள். மொத்தம் 200 கேள்வி, அதில் 100 தமிழ். தமிழில் 40 சதவீதம் வராவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். உங்கள் தமிழ் 78 இங்கே கை கொடுக்கும். கேள்விகள் பத்தாம் வகுப்புத் தரம்; ஆறு முதல் பத்து வரையிலான சமச்சீர்ப் புத்தகங்களே முதல் கைடு. கூடவே டைப்ரைட்டிங். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (மேல்நிலை) தேர்வு முடித்தால் தட்டச்சர் பணியிடங்களுக்குத் தகுதி வரும், அந்த வரிசையில் கூட்டம் மிகவும் குறைவு. லோயருக்கு (கீழ்நிலை) நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும். மத்திய அரசுப் பணிகளுக்கு எஸ்எஸ்சி (பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் எம்டிஎஸ், சிஎச்எஸ்எல் தேர்வுகளையும் 2023 முதல் தமிழில் எழுதலாம்.

ஒரு வருடம் நிறுத்துவது பொருந்துகிற ஆட்களும் உண்டு: நீட்டிலோ ஜேஇஇயிலோ மயிரிழையில் விட்டவர்கள், எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் குறைந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள். உங்கள் நிலைமை அது இல்லை.

அரசுக் கலை அறிவியல் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். ஐம்பது ரூபாய் அளவில் முடிகிற செலவு. ஒரு பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கையில் இருந்தால் கலந்தாய்வில் பதற்றம் இருக்காது. "ஒரு வருட ஃபயர் அண்ட் சேஃப்டி, முடித்ததும் துபாய்" போன்ற விளம்பரங்களை மட்டும் தவிருங்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்த வாரியம் சான்றிதழ் தருகிறது என்று கேளுங்கள். நிறுவனத்தின் பெயரையே வாரியம் போலச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். எங்கே சேர்ந்தாலும் அசல் சான்றிதழ்களைக் கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசி விதி. சரிபார்த்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மெயிலில் போட்டு வைப்பதும் அவசியம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது சான்றிதழ் வேலை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் தலா 60 ரூபாய். முதல் பட்டதாரி சான்று விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாலுகா அலுவலகம் என்று மேசை மேசையாகப் போகும். ரிசல்ட் சமயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் தேங்கிவிடும். ஆறு முதல் பிளஸ் டூ வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய தலைமை ஆசிரியரை இப்போதே போய்ப் பாருங்கள். சந்தேகத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. எல்லாவற்றிலும் இனிஷியலை ஒத்துப் பாருங்கள். மார்க் ஷீட்டில் ஓர் இனிஷியல், ஆதாரில் இரண்டு, சாதிச் சான்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். மார்க் ஷீட்டில் உள்ளபடியே மற்றவற்றை மாற்றுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்தக் கிளம்பினால் இந்த வருடச் சேர்க்கைக்குள் முடியாது.